பெயரின் கடைசி எழுத்து

உங்களுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தால், ஐந்தாம் வகுப்பில் சார் ஆஜர் எடுத்தது காதில் இன்னும் மிச்சம் இருக்கும். சீர்காழிப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில், 1960களின் கடைசியில், அது இப்படிப் போகும்: ஐயாறப்பன், கலியமூர்த்தி, சட்டைநாதன், சாமிநாதன், சௌரிராஜன், தியாகராஜன், நடராஜன், மயூரநாதன், வைத்தியநாதன். நடுவில் ஒரு மூர்த்தியோ பெருமாளோ லிங்கமோ வந்து போனாலும் பட்டியலை ஆண்டது அந்த ‘ன்’ தான். ஒவ்வொரு பெயரும் அதில் வந்து இறங்கும். அது ஓய்வதற்குள் பெஞ்சிலிருந்து ‘உள்ளேன் ஐயா’ எழும்பும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ ஒரே ராகத்தில் பதிகம் படிப்பதைப் போலவே இருக்கும்.

அப்போது நாங்கள் அதைக் கவனித்ததில்லை. மூச்சை யார் கவனிக்கிறார்கள்? பிற்காலத்தில் நானே வாத்தியாராகி, சிவப்பு மையிலும் நீல மையிலும் வருகைப் பதிவேடு எழுதத் தொடங்கி, ஓய்வு பெறும்வரை எழுதிக்கொண்டே இருந்ததால், ஆண்பிள்ளைகளின் பெயர் முடிகிற இடம் ஒரு தலைமுறைக்குள் எப்படி இடம் மாறிப் போனது என்பதை ஜூன் மாதத்துக்கு ஜூன் மாதம் பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

அந்தப் பழைய பட்டியல் ஒரு தேசப்படமும்கூட. ஐயாறப்பன் என்றால் திருவையாறு. சாமிநாதன் வீட்டார் சுவாமிமலைக்கு நேர்ந்துகொண்டவர்கள். சௌரிராஜன் என்றால் திருக்கண்ணபுரம், தியாகராஜன் திருவாரூர், நடராஜன் சிதம்பரம், மயூரநாதன் அப்போது மாயூரம் என்று எழுதப்பட்ட மயிலாடுதுறை, வைத்தியநாதன் என்றால் முதல் மொட்டை போட்ட வைத்தீஸ்வரன்கோயில். சட்டைநாதன் என்பது என் பெயர். சீர்காழிக் கோயிலில் கீழே பிரம்மபுரீஸ்வரர், நடுவில் தோணியப்பர், படியேறி உச்சிக்குப் போனால் சட்டைநாதர். வெளியூரில் எங்கே போய் இந்தப் பெயரைச் சொன்னாலும், தெரிந்தவர் ஒருவர் இருந்தால், “சீர்காழியா தம்பி?” என்பார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சுத் தொடங்க அது ஒன்று போதும். நெல்லையப்பன், சுடலைமாடன், இசக்கியப்பன் என்றால் தாமிரபரணிப் பக்கம் என்று எங்களுக்குத் தெரியும். நாச்சியப்பனும் சாத்தப்பனும் செட்டிநாட்டிலிருந்து வருவார்கள், சென்னியப்பன் சென்னிமலையிலிருந்து, பெரியகருப்பன் மதுரை, சிவகங்கைச் சீமையிலிருந்து. கத்தோலிக்கர் வீடுகளில் பீட்டர் இராயப்பன் ஆகியிருந்தார், பவுல் சின்னப்பன் ஆகியிருந்தார், யாக்கோபு யாகப்பன் ஆகியிருந்தார். நாகூரிலிருந்து மாற்றலாகி வந்த பையன்கள் உசேன், உஸ்மான், சுலைமான் என்று அதே எழுத்தில் வந்து முடிந்தார்கள். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ஆண்பிள்ளையின் பெயர் கடைசியில் நாக்கு மேலண்ணத்தைத் தொடுகிற அந்த ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது.

அதிலேயே விசேஷமான பெயர்கள் உண்டு. மூத்தது இரண்டு மூன்று தங்காமல் போன வீட்டில் அடுத்துப் பிறந்த பையனுக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்று வைப்பார்கள். குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுத்து வந்து குப்பன் என்பார்கள். இவன் மதிப்பில்லாத பிள்ளை, இவனைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறாய் என்று எமனுக்குச் சொல்லும் சேதி அது. அப்படி ஒரு மூக்கனை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதற்குள் அவர் கிழவர். மூக்கோரம் ஒரு சின்னத் துளை, தூர்ந்துபோய், வெயிலில் மட்டும் தெரியும். அவர் அம்மாவின் பயம் அத்தனையும் அந்தத் துளையில் இருந்தது. இன்று பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் நடக்கிறது, தடுப்பூசி அட்டையோடு பிள்ளை வீட்டுக்கு வருகிறது. எமனை ஏமாற்றப் பெயர் தேவைப்படவில்லை. மூக்கன் என்ற பெயர் மறைந்ததற்காக வருந்த எனக்கு மனம் வரவில்லை.

வருந்துவது வேறொன்றுக்கு. என் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தாத்தா பெயர் பேரனுக்கு என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். சட்டைநாதன் என்பது அம்மாவுக்கு மாமனார் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே நான் வீட்டில் ‘ஐயா’. சாப்பிட வாங்கய்யா, குளிக்கப் போங்கய்யா என்று ஐந்து வயதுப் பையனுக்கு ‘ங்க’ போட்டு மரியாதை. கோபம் உச்சிக்கு ஏறினாலும், விளக்குமாறு கையில் இருந்தாலும், “ஏன்யா இப்படிப் பண்றீங்க, உங்களைப் பெத்த வயித்துல...” என்றுதான் வரும். அடி விழும், மரியாதை குறையாது. அப்பா பெயரும் அவள் வாயில் வராது. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் “வீட்டுக்காரர் பேர் என்னம்மா?” என்று கேட்டால், முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, “வைத்தீஸ்வரன்கோயில் சாமி பேரு” என்பாள். அவர் தலை நிமிராமல், “வைத்தியநாதனா, வைத்திலிங்கமா?” என்பார். “ரெண்டாவது சொன்னீங்களே, அது.” வரிசையில் பின்னால் நிற்கிற பெண்களுக்கும் அதே சங்கடம் காத்திருந்ததால் யாரும் சிரித்ததில்லை. இன்று என் மருமகள் என் மகனை வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவன் காபி டம்ளரை அவளுக்கு எடுத்து வந்து கொடுக்கிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஐந்து வயதில் ‘ஐயா’ ஆக இருந்த சுகத்தை இனி எந்தப் பிள்ளையும் அறியப் போவதில்லை.

அடுத்த வீட்டு அம்மாக்களுக்கு அந்தத் தடை இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் தெருமுனையில் வந்து நின்று கூப்பிடுவார்கள். பெயர் முருகன் என்றால் ‘ன்’ கழன்று விழும், அந்த இடத்தில் ‘ஆ’ ஏறி உட்காரும். மூச்சு உள்ளவரை அது நீளும். முருகாஆஆ... நடராஜாஆஆ... கண்ணாஆஆ... குளத்தங்கரைக்குக் கேட்கும், கோயில் மண்டபத்துக்குக் கேட்கும், களத்துமேட்டில் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருக்கிறவனுக்கும் கேட்கும். ‘அன்’ என்று முடிகிற பெயரை அழைக்கும்போது ‘ஆ’ என்று நீட்ட வேண்டும் என்பதைத் தொல்காப்பியம் விளிமரபில் விதியாகவே வைத்திருக்கிறது. எங்கள் தெரு அம்மாக்கள் தொல்காப்பியத்தைக் கண்ணால் கண்டதில்லை, விதியை ஒரு நாளும் மீறியதும் இல்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுவதற்கென்றே செய்த பெயர்கள் அவை. இப்போதைய அம்மா மாடியில் நின்று கைப்பேசியில் ‘கம் ஹோம்’ என்று தட்டுகிறாள். பிள்ளை பத்திரமாக வந்து சேருகிறான். தெருவுக்கு மட்டும் அவன் பெயர் தெரியாது.

இந்த இடத்தில் நான் நினைவை நிறுத்திக்கொண்டால் அது பாதிக் கதைதான். அதே ‘ஆ’ வேறு வாய்களிலிருந்தும் வந்தது. நிலம் வைத்திருந்த வீட்டுத் திண்ணையிலிருந்து, பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகாத ஒரு பிள்ளை, தன் தாத்தா வயதுள்ள ஆளை “டேய் காத்தா, மாட்டை அவுத்துக் கட்டு” என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவர் துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு, “இதோ வந்துட்டேன் சின்னையா” என்பார். அம்மா நீட்டினால் பாசமாக இருந்த எழுத்து அங்கே கயிறாக இருந்தது. திண்ணைக்காரரின் பெயரும் ‘ன்’ என்றுதான் முடியும். ஆனால் யார் வாயிலும் அது ‘ன்’ ஆக வராது, ‘ர்’ விகுதியும் ‘அவர்கள்’ என்ற மரியாதைச் சொல்லும் வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் இருந்த பழைய கிரயப் பத்திரங்களிலேயே அது தெரியும். சொத்து வாங்குகிறவர் இன்னார் ‘குமாரர்’ இன்னார். எல்லைக்கு அடையாளமாகக் குறிக்கப்படும் குடிசைக்காரன் முனியன் ‘மகன்’ காத்தான். ஒரே எழுத்தர், ஒரே தொட்டெழுதும் பேனா, ஒரே தாள்.

கீழத்தஞ்சை முழுவதும் அப்படித்தான் இருந்தது. சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் கூடாது என்று 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்த மண் இது. விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய சீனிவாச ராவ், அடித்தால் திருப்பி அடி என்பதோடு, ‘டேய்’ என்று கூப்பிட்டால் நீயும் ‘டேய்’ என்று கூப்பிடு என்று ஊர் ஊராகச் சொல்லிப் போனார் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் பேசுவார்கள். சவுக்கையும் கூப்பிடுகிற முறையையும் அவர் ஒரே தட்டில் வைத்தார். இரண்டையும் வாங்கியவர்களுக்குத்தான் அதன் நியாயம் புரியும்.

அந்தக் காலத்தை ஒட்டித்தான் எங்கள் பதிவேடுகளில் விநோதமான பெயர்கள் நுழைந்தன. லெனின், ஸ்டாலின். காகாரின் விண்வெளிக்குப் போய் வந்தபின் அங்கங்கே ஒரு ககாரின். படித்த அப்பாக்களின் வீட்டில் லிங்கன், எடிசன், நியூட்டன், டார்வின். சேரியில் பிறந்த லெனினைத் திண்ணையிலிருந்து கூப்பிட வேண்டுமானால் ‘லெனின்’ என்று முழுசாகத்தான் சொல்லியாக வேண்டும். வெட்டிச் சுருக்க அதில் இடமில்லை. மாஸ்கோவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் எத்தனையோ பெயர்களைக் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் நிலைத்தவற்றில் பெரும்பாலானவை ‘ன்’ என்று முடிந்தவை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? காது தன் வழக்கத்தை விடவில்லை. ஆண்பிள்ளைப் பெயர் என்று அது அறிந்திருந்த ஓசையோடு வந்தவர்களுக்கு உடனே கதவைத் திறந்துவிட்டது. இவற்றில் ஒரு பெயருக்கு ஊரறிந்த வரலாறு உண்டு. கருணாநிதி, 1953 மார்ச் 1ஆம் தேதி பிறந்த தம் மகனுக்கு, நான்கு நாள் கழித்து சோவியத் தலைவர் இறந்ததை ஒட்டி, ஸ்டாலின் என்று பெயர் வைத்தார்.

இன்னொரு பக்கம் மேடைகளிலிருந்து பெயர்கள் இறங்கி வந்தன. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அந்த மேடைகளுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இளங்கோவன், பாரிவள்ளல், தமிழ்ச்செல்வன், கதிரவன், மதியழகன் என்று வைத்தார்கள். மாயூரத்தில் பி.யூ.சி. படிக்கும்போது நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினோம்; அதில் எனக்குப் பெயர் ‘இளஞ்சேரன்’. சோழ நாட்டில் பிறந்தவன் எதற்குச் சேரன் ஆனேன் என்று அன்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீளமான கோட்டுத் தாளில், பச்சை மையில், ஓரத்தில் பூவேலை போட்டு, இளஞ்சேரன் என்று கையெழுத்திடுகிற அந்தப் பையன், உலகத்தை ஒரு பெயரால் புதுசாக்கிவிடலாம் என்று முழு மனதோடு நம்பினான். அவன் மேல் எனக்கு இன்றும் பிரியம் குறையவில்லை.

அப்புறம் வந்தது ‘ஷ்’.

முதலில் கதைகளில் வந்தது என்று நினைக்கிறேன். எங்கள் அப்பா காலத்துத் திரையில் சிவாஜியும் ஜெமினியும் கணேசன்கள். நாங்கள் வாரப் பத்திரிகைக்குச் சண்டை போட்ட வயதில் சுஜாதாவின் வக்கீல் கணேஷ் வந்துவிட்டார். பின்னால் வசந்தும் வந்து சேர்ந்தான். யோசித்துப் பார்த்தால், ஒருவர் ‘ஷ்’, ஒருவன் ‘த்’. அடுத்த முப்பது வருஷத்துக்குத் தமிழ்நாட்டு ஆண்பிள்ளைகளின் பெயர் எந்த இரண்டு எழுத்தில் முடியப் போகிறது என்பதை அந்த ஜோடி முன்கூட்டியே சொல்லிவிட்டது. கணேசனிலிருந்து ‘அன்’ உதிர்ந்து கணேஷ். மகேசன் மகேஷ், வெங்கடேசன் வெங்கடேஷ், ஜெகதீசன் ஜெகதீஷ். எழுத்தாளர் ஜெயகாந்தன் ‘ன்’ வைத்திருந்தார். 1975இல் திரைக்கு வந்த ரஜினிகாந்த் வைத்துக்கொள்ளவில்லை. வசந்தன் வசந்த் ஆனான், அரவிந்தன் அரவிந்த் ஆனான். 1980களில் நான் எழுதிய பதிவேடுகளில் ரமேஷ், சுரேஷ், தினேஷ், ராஜேஷ், சதீஷ் என்று வரிசை வரிசையாக வரும். ஒரே வகுப்பில் மூன்று சுரேஷ் இருந்தால் இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிட வேண்டும். தேசப்படம் அதோடு சுருட்டி வைக்கப்பட்டது. சுரேஷுக்குத் திருவையாறும் கிடையாது, திருநெல்வேலியும் கிடையாது.

தமிழ்ச் சொல் எந்தெந்த எழுத்தில் முடியலாம் என்று நன்னூல் கணக்கு வைத்திருக்கிறது: உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1, ஆக 24. ‘ஷ்’ அதில் இல்லை, ‘த்’தும் இல்லை. நான் தமிழாசிரியன். ஒரு ஜூன் மாதம், ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் உதவிக்கு உட்கார்ந்திருந்தேன். வயலிலிருந்து நேராக வந்த ஒருவர், காலில் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது, பையனை முன்னால் நிறுத்தினார். பேர் என்ன என்றேன். “சுரேஷுங்க.” எழுதத் தொடங்கினேன். அவர் மேசையை நோக்கிக் குனிந்தார். “சார், கோவிச்சுக்காதீங்க. ‘சுரேசு’ன்னு எழுதிடாதீங்க. அந்த ‘ஷ்’ இருக்கில்ல, அதையே போடுங்க.” போட்டேன். அதன் மேல் புள்ளி வைக்கும்வரை அவர் பேனா முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தகப்பன் பெயர் கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். “காத்தான்னு கூப்பிடுவாங்க. காத்தமுத்துன்னு எழுதுங்க.” எழுதினேன். கைநாட்டு வைக்கப் போகிறார் என்று மைப்பெட்டியை நகர்த்தினேன். அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, கா-த்-த-மு-த்-து என்று ஒவ்வோர் எழுத்தாக, கோடு தாண்டாமல், எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அந்த அறையில் வேறு யாரும் பேசவில்லை.

அந்த வேற்று எழுத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான். அவர் மகனைத் திண்ணையிலிருந்து யாரும் ‘சுரேஷா’ என்று இழுக்க முடியாது. பெயரைக் கேட்டு ஊரைக் கண்டுபிடிக்க முடியாது, தெருவைக் கண்டுபிடிக்க முடியாது, அப்பா எந்த வேலை செய்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. நான் எதை இழப்பு என்று நினைத்தேனோ, அதைத்தான் அவர் வரமாகக் கேட்டு வாங்கிப் போனார். பேருந்தில் “சீர்காழியா தம்பி?” என்று கேட்கப்படுவது எனக்குச் சுகம்; பெயரை வைத்து எந்தத் தெரு என்று ஊகிக்கப்படுவது அவருக்கு நரகம். இரண்டும் ஒரே பழைய பட்டியலின் இரண்டு பக்கங்கள்.

நாக்கு மட்டும் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. பாட்டிகள் ரமேசு, தினேசு, அசீத்து என்றே கூப்பிட்டார்கள். நன்னூல் பட்டியலில் இடமில்லாத எழுத்துகளை எல்லாம் ஓர் ‘உ’ போட்டு உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டார்கள். பள்ளி ஆவணத்தில் ‘ஷ்’, அடுப்படியில் ‘சு’. பிள்ளை இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தான்.

அதன்பின் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவை வேகமாகவே வந்தன. நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து, ரோகிணி என்றால் ஓ, வ, வி, வு என்று தொடங்கி, எண் கணிதத்துக்காக ஆங்கில எழுத்துகளில் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்து, ருத்விக், சாத்விக், கிருத்திக், தர்ஷித், யஷ்வந்த். பதிவேட்டில் எழுதுமுன் பெற்றோரிடம் இரண்டு தரம் கேட்டுக்கொள்வேன். பிறகு ஒரு ஜூன் மாதம் பார்த்தால் ‘ன்’ திரும்பி வந்திருந்தது: அஷ்வின், கவின், ரெயான், இஷான், விவான். கடைசி எழுத்து அதுதான், ஆனால் பழைய ‘அன்’ இல்லை. அஷ்வினை ‘அஷ்வினா’ என்று கூப்பிட முடியாது. இஷானைத் தெருமுனையிலிருந்து நீட்ட முடியாது. முகம் தெரிந்ததாக இருக்கிறது, பேச்சுக் கொடுத்தால் வேற்றூர்க்காரர்.

யாழ்ப்பாணத்தார் இந்த விஷயத்தில் வேறு வழியில் போனார்கள். அங்கும் கந்தையாவும் செல்லையாவும் சின்னத்தம்பியும் பின்னால் போய்ப் புதுப் பெயர்கள் வந்தன. ஆனால் எது வந்தாலும் வாசலில் நிறுத்தி ஒரு ‘அன்’ கொடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். பிரசாந்த் அங்கே பிரசாந்தன், சஞ்சீவ் சஞ்சீவன், நிரோஷ் நிரோஷன். மயூரன், கஜன், துவாரகன், அனோஜன், டிலக்சன் என்று தாங்களாகவே பெயர்களைப் புனைந்தபோதும் அந்த முடிவை விடவில்லை. போரில் ஊரையும் வீட்டையும் விட்டுக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்களின் பிள்ளைகளிலும் எத்தனையோ பேர் இன்றும் ‘ன்’ இல் முடிகிறார்கள். தூக்கிக்கொண்டு ஓட முடிந்த சில பொருள்களில் இதுவும் ஒன்று.

தூரம் போவது அந்த எழுத்துக்குப் புதிதும் அல்ல. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் கதீம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 வருஷத்துக்கு முந்தைய பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் கண்ணன், சாதன் என்று படிக்கப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. கீழடியின் ஓடுகளில் குவிரன், ஆதன். சுட்ட பானையின் தோளில் கூர்மையான எதையோ வைத்துக் கீறிய எழுத்து. தண்ணீரோ தானியமோ வைத்துக்கொள்ள, இது என்னுடையது என்று ஒருவன் எழுதி வைத்திருக்கிறான். 2019இல் கீழடி அகழாய்வு அறிக்கை வெளியாகி ஊரெல்லாம் பேச்சானது. ஆதன் என்று பெயர் வைத்த பிள்ளைகளைப் பற்றி அதன்பிறகுதான் என் காதில் விழுந்தது. கூடவே நிலவன், முகிலன், இனியன், செழியன், நன்மாறன், ஆதவன், வேலன், யாழன். கணினி வேலை பார்க்கும் இளம் தம்பதிகள் சங்க இலக்கியப் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் தேடுகிறார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்று என்னிடம் தொலைபேசியில் கேட்கிறவர்களும் உண்டு. நான் மகிழ்ச்சியோடு சொல்கிறேன். இந்தப் புதிய ‘ன்’ யாரும் யார் மேலும் சுமத்தியது அல்ல. காத்தமுத்துவின் பேரனும் திண்ணைக்காரரின் கொள்ளுப்பேரனும் ஒரே மழலையர் வகுப்பில் நிலவன், ஆதன் என்று அடுத்தடுத்து உட்காரலாம். பெயரைக் கேட்டு யார் எந்தத் தெரு என்று எவராலும் சொல்ல முடியாது. என் ஐந்தாம் வகுப்புப் பட்டியலின் ஓசை அதில் இருக்கிறது, அதன் கொடுமை இல்லை. இதைவிட நல்ல திருப்பம் ஒரு எழுத்துக்கு வாய்த்திருக்க முடியாது.

ஒன்றே ஒன்றில்தான் மனம் ஆறவில்லை. தாத்தா பெயர் பேரனுக்கு என்ற சட்டம் இருந்தவரை எங்கள் வீட்டு வரலாற்றை யாரும் எழுதி வைக்கத் தேவைப்படவில்லை. பத்திரங்களை அடுக்கினால் போதும்: வை. சட்டைநாதன், ச. வைத்திலிங்கம், வை. சட்டைநாதன், ச. வைத்திலிங்கம். இனிஷியலும் பெயரும் இடம் மாறி மாறி, ஒருவர் போனால் அதே பெயரில் இன்னொருவர் வந்து நிற்க, ஐந்தாறு தலைமுறை மறதிக்குள் விழாமல் நடந்து வந்தது. என்னோடு அது நின்றுவிட்டது. மகனுக்கு நானே விரும்பி வேறு பெயர் வைத்தேன், நல்ல பெயர். அவன் தன் மகனுக்கு வைத்ததும் நல்ல பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்துக்கு என் பெயரை எழுதிக் கொடுத்திருப்பதால், வெளிநாட்டில் மகனை அலுவலகத்தில் ‘மிஸ்டர் சட்டைநாதன்’ என்று கூப்பிடுகிறார்களாம். அவனுக்கு அது யார் யாரிடமிருந்து வந்த பெயர் என்று நான் சொல்லித்தான் தெரிந்தது. பத்திரம் இருந்த எங்கள் வீட்டிலேயே இப்படி என்றால், ‘முனியன் மகன் காத்தான்’ என்று அடுத்தவர் பத்திரத்தின் எல்லைக் குறிப்பில் மட்டும் எழுதப்பட்டவர்களின் பெயர்கள் என்ன ஆகும்?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பேரனுக்கு எந்த எழுத்தில் முடிகிற பெயரை வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் வருகிற பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, வீட்டில் மூத்தவராக இருக்கிற அத்தையையோ பெரியப்பாவையோ உட்கார வைத்து, அவர்களுக்குத் தெரிந்தவரை தாத்தா, பாட்டன், பூட்டன் பெயர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூக்கன் என்றிருந்தால் மூக்கன் என்றே எழுதுங்கள், எதற்காக அப்படி வைத்தார்கள் என்றும் எழுதுங்கள். காத்தான் என்றிருந்தால், அவர் தன்னை எப்படி எழுதச் சொல்லியிருப்பார் என்று யோசித்து, அதையும் பக்கத்தில் எழுதுங்கள். தாளைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். அந்தப் பெரியவர்களுக்கு எண்பது வயது ஆகிறது. அடுத்த பொங்கல் வரை தள்ளிப் போடாதீர்கள்.